ஏப்பத்தின் இரு வாயில்கள்

விருந்துண்டவர் இலையை மடித்துவிட்டுக் கைகழுவி வந்து, திண்ணையில் சாய்ந்து, வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே நீண்டதோர் ஏப்பம் விட்டால், பரிமாறிய வீட்டார் அதைத் தம் சமையலுக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொண்டு மகிழ்ந்த காலம் உண்டு. அதே ஏப்பம் இன்று ஓர் அலுவலகக் கூட்டத்தின் நடுவே தப்பித்தவறி வெளிப்பட்டுவிடுமானால், விட்டவர் வாயைப் பொத்திக்கொள்ள, கேட்டவர் கேளாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஏதோ அபசாரம் நிகழ்ந்துவிட்டாற்போல் ஒரு கணம் அனைவரும் சங்கடப்படுகின்றனர். மரியாதையின் விதிகள் நாட்டுக்கு நாடும் தலைமுறைக்குத் தலைமுறையும் மாறிக்கொண்டிருக்கின்றன. சரீரமோ அவற்றைக் கேட்டு நடப்பதில்லை. இதனை நன்குணர்ந்திருந்தமையால்தான் சரக சம்ஹிதை, மனிதன் வலிந்து அடக்கலாகாத 13 வேகங்களை எண்ணுமிடத்து, பசி, தாகம், தூக்கம், தும்மல், கண்ணீர் ஆகியவற்றோடு ஏப்பத்தையும் சரியாசனத்தில் அமர்த்திற்று; யோக நூல்களோ உடலை இயக்கும் 10 வாயுக்களுள் நாகன் என்னும் ஒன்றை ஏப்பத்துக்கென்றே ஒதுக்கிவைத்தன.

பழைய நூலார் கொடுத்த இந்த மதிப்பு மிகையானதன்று என்பதே என் கருத்து. உண்டு நிறைந்த இரைப்பையில் சோறும் குழம்பும் மோரும் அமிலமும் ஒன்றாய்க் கலந்து கிடக்க, அவற்றின் மேலே மிதக்கும் காற்றை மட்டும் பிரித்தெடுத்து, உணவு இறங்கிவந்த அதே குழல்வழியாக எதிர்த்திசையில் மேலேற்றி, வழியில் குறுக்கிடும் மூச்சுக்குழலின் வாய்க்குள் ஒரு துளியும் சிந்திவிடாமல் வெளியே அனுப்பிவைப்பது எளிய காரியமா? நாம் அநாகரிகம் என்று ஒதுக்கும் அந்த ஓர் ஓசைக்குப் பின்னால், காற்று இது, நீர் இது என்று தேர்ந்து தெளியும் ஒரு நுண்ணறிவு, நம்மைக் கேளாமலே, நாள்தோறும் பலமுறை வேலை செய்துகொண்டிருக்கிறது.

வயிற்றினுள் இக்காற்று எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை முதலிற் காண வேண்டும். உணவு செரிக்கையில் உண்டாகும் வாயுவே ஏப்பமாய் மேலெழுகிறது என்று பெரும்பாலோர் நம்புகின்றனர். கிருமிகள் உணவின் மிச்சத்தைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், மீத்தேன் முதலிய வாயுக்களைப் பிறப்பிப்பது உண்மையே எனினும், அது நிகழுமிடம் பெருங்குடல்; அங்குப் பிறந்தவை வெளியேறும் வழியும் வேறு. அமிலம் நிறைந்த இரைப்பையில் அத்தகைய கிருமிகள் பெருகி வாழ்தல் அரிது. ஏப்பமாக வெளிவருவதிற் பெரும்பகுதி, நாம் வாயால் விழுங்கிய வெறுங்காற்றேயாகும். நைட்ரஜனும் பிராணவாயுவும் கலந்த, மணமற்ற, இந்த அறையில் நிறைந்திருக்கும் அதே காற்று. ஒரு மிடறு நீரை விழுங்கும்போது அதற்கு நிகரான அளவு காற்றும், சில வேளைகளில் அதனினும் மிகுதியாகவும், உடன் சென்றுவிடுகிறது. அவசர அவசரமாக அள்ளிப்போட்டுக்கொள்பவர், உண்டுகொண்டே ஓயாமற் பேசுபவர், கொதிக்கும் காப்பியை உறிஞ்சிக் குடிப்பவர், சுயிங்கம் மெல்பவர், புகைபிடிப்பவர் ஆகியோர் பிறரைக்காட்டிலும் மிகுதியாகக் காற்றுண்பவர்கள். உணவே செல்லாத வேளையிலும் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டேயிருக்கிறோமாதலின், வெறும்வயிற்றிலும் ஏப்பம் வருகிறது. நம்மவர் பசியேப்பம் என்றும் புளியேப்பம் என்றும் இரண்டாகப் பகுத்தது, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்திலேயே செய்த மிகச் சரியான பாகுபாடு என்று எனக்குத் தோன்றுவதுண்டு: முன்னது வெறுங்காற்று, பின்னது அமிலத்தின் சாயல் ஏறிய காற்று.

விழுங்கிய காற்றுக்கு அடுத்தபடியாகக் கரியமிலவாயுவைச் சொல்ல வேண்டும். இரைப்பையின் அமிலம் முன்சிறுகுடலில் இறங்கி அங்குள்ள காரத்தைச் சந்திக்கும்போது இவ்வாயு உண்டாகிறது. ஒரு வேளை உணவுக்குச் சுரக்கும் அமிலம் முழுவதும் இவ்வாறு சமனப்பட்டால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட வாயு தோன்றக்கூடும். நல்லகாலமாக அதில் மிகப்பெரும்பகுதியை இரத்தம் விரைவாக உறிஞ்சி நுரையீரல் வழியே கழித்துவிடுகிறது. ஆப்பசோடாவைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்தவுடன் எழும் ஏப்பமும் இதே இரசாயனக் கிரியையால் விளைவதுதான்; இங்கே சந்திப்பு இரைப்பைக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது, அவ்வளவே வேறுபாடு.

சோடாவோ, இந்த வாயுவைப் புட்டியிலேயே அடைத்து விற்கும் ஏற்பாடு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துப் பீர் ஆலை ஒன்றின் அருகில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767-ஆம் ஆண்டில், புளித்துக்கொண்டிருந்த தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை நீரிற் கலந்து குடித்துப் பார்த்ததிலிருந்து இதன் சரித்திரம் தொடங்குகிறது. நூறாண்டு கழிந்து, 1870-களில், ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைபட்ட புட்டியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அது பிறந்த நாட்டில் மறைந்தொழிந்துவிட, நம் ஊர்க் கடைகளிலோ கோலிசோடாவாக நெடுங்காலம் வாழ்ந்தது. கடைக்காரர் மரக்கட்டையை வைத்து ஓர் அழுத்து அழுத்த, 'டப்'பென்று கோலி உள்ளே வீழ்ந்து, நுரை கழுத்துவரை பொங்கிவர, வாங்கியவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்து நிமிர்ந்து ஏப்பம் விட்டபின்புதான் மீதியைப் பற்றிச் சிந்திப்பார். வாயு நன்றாக ஏற்றப்பட்ட பானம் ஒரு லிட்டரில், தன் கனஅளவைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு முதல் நான்மடங்கு கரியமிலவாயு கரைந்திருக்கும். ஒரு பகுதி வாயிலும் தொண்டையிலும் சிதறிப்போக, ஒரு பகுதி இரத்தத்தில் ஈர்க்கப்பட, எஞ்சியது இரைப்பையில் விரிகிறது. ஏப்பம் வந்ததும் வயிறு இலேசானதுபோல் தோன்றுவதால், சோடா அஜீரணத்தைத் தீர்த்துவிட்டது என்று குடித்தவர் திருப்தியடைகிறார். உண்மையில் சோடா தான் கொண்டுவந்ததைத் தானே திருப்பிக்கொண்டு போயிற்று.

இரைப்பைக்குள் வந்த காற்று அங்கு எங்கே தங்குகிறது? உணவுக்குழல் வந்து கூடும் இடத்துக்கு இடப்புறமாக, அதற்கும் மேலே, உதரவிதானத்தின் இடக்கவிகையைத் தொட்டுக்கொண்டு, இரைப்பையின் மேற்பாகம் ஒரு குவிமாடம்போல் உயர்ந்து நிற்கிறது. அம்மேற்பாகத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: உணவு உள்ளே வரவர, எதிர்த்து அழுத்தாமல், தானே தளர்ந்து இடங்கொடுக்கும். அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கானன் 1911-ஆம் ஆண்டில் விவரித்த இந்தத் தளர்ச்சியினால்தான், ஒரு கைப்பிடியளவாய்ச் சுருங்கிக் கிடக்கும் வெற்றிரைப்பை, ஒரு லிட்டருக்கு மேற்பட்ட உணவைப் பெரும் அழுத்தம் ஏதுமின்றி ஏற்றுக்கொள்கிறது. நாம் நிமிர்ந்திருக்கும்போது காற்று இயல்பாகவே மேலெழுந்து இந்தக் குவிமாடத்தில் போய்த் தேங்கும். மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்: இதயத்தின் வெண்ணிழலுக்குக் கீழே, இடப்பக்க உதரவிதானக் கோட்டை ஒட்டி, பிறைவடிவிலோ வட்டமாகவோ கரிய திட்டு ஒன்று தென்படும். அது நோயன்று, அடுத்த ஏப்பத்துக்குக் காத்திருக்கும் காற்று. ஜப்பானில் இரைப்பைப் புற்றை முன்னரே கண்டறிவதற்காக ஆரோக்கியமானவர்களுக்கும் பேரியக் கரைசல் கொடுத்துப் படமெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரைப்பையின் மடிப்புகள் விரிந்து தெரிவதற்காக முதலில் நுரைக்கும் துகளை விழுங்கச் செய்து, வயிறு உப்பிய நிலையில், ஏப்பம் விட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டே பரிசோதனை மேசையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். அடக்கலாகாது என்று சரகர் விதித்ததை அடக்கச் சொல்லும் சிகிச்சாலை உலகில் இது ஒன்றே போலும்.

மல்லாந்து படுத்திருக்கும்போது நிலைமை மாறுகிறது. குழல் வந்து கூடுமிடம் பின்புறமாக அமைந்திருத்தலால், படுத்த நிலையில் வாயிலை நீர் மூடிக்கொள்ள, காற்று வயிற்றின் முன்புறத்துக்குப் போய்விடுகிறது. உண்டதும் படுத்தவர் வயிறு உப்புசத்தால் புரண்டு புரண்டு, கடைசியில் எழுந்து உட்கார்ந்த மாத்திரத்தில் ஏப்பம் வந்து நிம்மதியடைவதற்கு இதுவே காரணம். மேல், கீழ் என்ற பேதமே இல்லாத விண்வெளியில் காற்றும் நீரும் இரைப்பைக்குள் பிரியாமல் கலந்தே கிடப்பதால், ஏப்பம் விட முயலும் விண்வெளி வீரருக்கு வாயுவுடன் ஆகாரமும் சேர்ந்து வந்துவிடுகிறது. 1985-ஆம் ஆண்டில் 'சாலஞ்சர்' விண்ணோடத்தில் கோக்கும் பெப்ஸியும் போட்டிபோட்டுக்கொண்டு மேலே சென்றும், அங்கே அவற்றுக்கு நிலையான இடம் கிடைக்காமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இனி வாயில்களுக்கு வருவோம். சுமார் 25 செண்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலின் இரு முனைகளிலும், பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயைப்போல், வட்டமாய் இறுகிக் கிடக்கும் சுருக்குத்தசை ஒவ்வொன்று இருக்கிறது. கீழ்வாயில் மூன்று நான்கு செண்டிமீட்டர் நீளமுள்ளது. 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் எப்பொழுதும் மூடியே நிற்பது. உதரவிதானத்தின் தசைக்கால்கள் வெளியேயிருந்து அதனைப் பற்றி இன்னும் இறுக்குகின்றன. விழுங்கும்போது ஐந்தாறு வினாடி திறந்து உணவை உள்ளே விட்டு மூடிக்கொள்வது அதன் அன்றாட வேலை. காற்று எவ்வாறு அதனைக் கடந்து மேலே வருகிறது என்பதோ வெகுகாலம் தெளிவாகாமலிருந்தது. வயிற்றில் அழுத்தம் மிகுந்து வாயிலை முட்டித் திறந்துவிடுகிறது என்று எண்ணுவதே இயல்பு. 1964-ஆம் ஆண்டில் மக்நாலி, கெல்லி, இங்கெல்ஃபிங்கர் ஆகிய மூவரும் மனிதர்களின் இரைப்பையிற் காற்றைச் செலுத்தி அளந்து பார்த்தபோது, ஏப்பத்துக்கு முற்கணத்தில் உணவுக்குழலின் அழுத்தம் சட்டென்று உயர்ந்து இரைப்பையின் அழுத்தத்தோடு சமமாகிவிடுவதைக் கண்டனர். இரண்டும் அக்கணம் ஒரே அறையாகிவிட்டன என்பது அதன் பொருள்.

ஆனால் வாயில் முட்டித் திறக்கப்பட்டதா, தானாகத் திறந்ததா என்னும் வினாவுக்கு விடை சொல்லக் கருவி ஒன்று தேவைப்பட்டது. மூக்கின் வழியே செலுத்தும் மெல்லிய குழாயின் பக்கத்துளையால் அழுத்தத்தை அளப்பதே அந்நாளைய முறை. விழுங்கும்போதும் மூச்சுவிடும்போதும் சுருக்குத்தசை மேலும் கீழும் நகர்வதால், துளை அதனை விட்டு விலகிப்போய், அளவுகள் பொய்த்துவிடும். ஆஸ்திரேலியரான ஜான் டென்ட், துளைக்குப் பதிலாக ஆறு செண்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய உறை ஒன்றை அமைத்து, தசை அதன்மேல் எங்கு நகர்ந்தாலும் அளவு தவறாதபடி செய்து, 1976-இல் அதனை வெளியிட்டார். அவரும் வைலி டாட்ஸ் முதலியோரும் அமெரிக்காவில் அக்கருவியைக்கொண்டு ஆரோக்கியமானவர்களை இரவு முழுவதும் கவனித்து 1980-இல் எழுதிய கட்டுரையில்தான் உண்மை புலப்பட்டது: விழுங்குதல் ஏதும் நிகழாதபோதும், கீழ்வாயில் தானாகவே, முழுவதுமாக, 10 வினாடிக்கு மேலும் சில வேளை அரை நிமிடம் வரையிலும் தளர்ந்து கிடக்கிறது. இரைப்பையின் மேற்பாகம் காற்றால் விரிந்தவுடன், அதன் சுவரிலுள்ள நரம்பு நுனிகள் அச்செய்தியை வேகஸ் நரம்பின் வழியே முகுளத்துக்கு அனுப்புகின்றன. முகுளம் அதே நரம்பின் வேறு இழைகளால் ஆணை அனுப்பி, தசையைத் தளர்த்துவதோடு, பிடித்துக்கொண்டிருக்கும் உதரவிதானக் கால்களையும் நெகிழ்த்துகிறது. வயிற்றிலிருந்து மூளைவரை போய்த் திரும்பி வந்த ஆணையின் பேரில்தான் காற்று நெஞ்சுக்குள் நுழைகிறது. படுத்திருப்பவருக்கு இத்தளர்ச்சி குறைவாகவே நிகழ்வது, அந்நிலையில் வாயிலில் நிற்பது நீர் என்பதை நினைக்கும்போது, எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

மேல்வாயிலின் சாமர்த்தியம் இதனினும் பெரிது. குரல்வளைக்குப் பின்னே இறுகி நிற்கும் அத்தசைக்கு, மூச்சிழுக்கும்போது காற்று உணவுக்குழலுக்குள் புகாமற் தடுப்பது ஒரு வேலை. வயிற்றிலிருந்து எதிர்த்து வருவதை ஏற விடாமற் தடுப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டாவது வேலையில்தான் அது வந்தது யார் என்று விசாரிக்கிறது. உணவுக்குழலுக்குள் நீரை மெல்லச் செலுத்தினால் மேல்வாயில் இன்னும் இறுகிக்கொள்கிறது. காற்றை விரைவாகச் செலுத்தினால் தளர்ந்து வழிவிடுகிறது. காற்று குழலின் நீளம் முழுவதையும் ஒரே நொடியில் விரிக்கிறது, நீரோ கீழிருந்து மெதுவாக ஏறுகிறது. இந்த வேகத்தின் வேறுபாட்டையே சுவரிலுள்ள நரம்புகள் அடையாளமாகக் கொள்கின்றன என்று கருதப்படுகிறது. வழிவிடுமுன் இன்னொரு காரியமும் ஒழுங்காக நடைபெறுகிறது. குரல்நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொள்கின்றன. அதன் பின்னர் குரல்வளை முன்னோக்கி இழுபட, மேல்வாயில் திறக்கிறது. காற்றுடன் ஒரு துளி அமிலம் தவறி வந்தாலும் நுரையீரலுக்குப் போகாது. பீறிட்டு வெளியேறும் காற்று, பாதி திறந்த அத்தசையையும் அதன் மேலுள்ள தொண்டைச் சவ்வையும் அதிரச் செய்வதே நமது காதில் விழும் ஓசை. பூண்டும் பெருங்காயமும் உண்டவரின் ஏப்பம் அவ்விஷயத்தை ஊருக்கு அறிவிப்பது, வெறுங்காற்று அவற்றின் ஆவியைச் சுமந்துவருவதால்.

இவ்வளவு திறமைக்கும் ஒரு விலை உண்டு. காற்றுக்காகத் தளர்ந்த கீழ்வாயில் வழியே அமிலமும் சிறிது ஏறிவிடுவதுண்டு. எரிச்சல் மார்பில் பரவ, புளிப்பு நாக்கின் அடிவரை வந்து போகிறது. நெஞ்செரிச்சல் நோய்க்குக் காரணம் வாயில் பலவீனப்பட்டதுதான் என்று முன்பு கூறி வந்தனர். டென்டின் ஆராய்ச்சிக்குப் பின்னர், ஏப்பத்துக்கென அமைந்த இதே தளர்ச்சியே பெரும்பாலான சந்தர்ப்பங்களில் காரணம் என்பது தெளிவாயிற்று. கொழுப்பு மிகுந்த உணவு, புகை, சாக்லேட், ஏன், வயிற்றுக்கு நல்லது என்று கொடுக்கப்படும் புதினா எண்ணெயும்கூட, அவ்வாயிலைத் தளர்த்துபவையே.

ஏப்பத்தின் அருமையை அதை இழந்தவரிடம் கேட்டறிய வேண்டும். ருடால்ஃப் நிஸ்ஸன் என்னும் ஜெர்மானிய யூத அறுவை மருத்துவர் (1948-இல் ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கிய தமனியைச் செலஃபேன் தாளால் சுற்றிக் கட்டியவரும் இவரே) இரைப்பையின் மேற்பாகத்தை உணவுக்குழலின் அடியைச் சுற்றி மடித்துத் தைக்கும் சிகிச்சையை 1956-இல் வெளியிட்டார். அமிலம் மேலேறுவது நின்றது. அதனுடன் சிலருக்கு ஏப்பமும் நின்றது. வாயுவை வெளியேற்ற வழியின்றி, சிறிது உண்டதும் வயிறு கல்லாய் உப்பி, வாந்தியெடுக்கவும் இயலாமல் அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டபின்னர், மருத்துவர்கள் அந்த மடிப்பைத் தளர்வாகவும் பாதியளவாகவும் தைக்கக் கற்றனர். இதற்கு மாறாக, கீழ்வாயில் செவ்வனே திறந்தும் மேல்வாயில் திறவாதவர்களும் இருக்கின்றனர். பிறந்ததுமுதல் ஏப்பமே அறியாத அவர்களுக்கு, நெஞ்சுவரை வந்த காற்று திரும்பி இறங்கும்போது தொண்டைக்குள் தவளை கத்துவதுபோன்ற ஓசை எழும். மாலையானால் வயிறும் மார்பும் உப்பிப் படுத்தே ஆக வேண்டியிருக்கும். பல்லாண்டுகளாக மருத்துவருக்கு மருத்துவர் அலைந்தும், மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டவர் பலர். அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன் 2019-இல் இதற்கொரு பெயர் சூட்டி, மேல்வாயில் தசையில் பொட்டுலினம் நஞ்சைச் சிறிதளவு செலுத்தினால் அது தளர்ந்து ஏப்பம் வருகிறது என்று காட்டினார். நஞ்சின் வேகம் சில மாதங்களில் தணிந்துவிட்ட பிறகும் அத்திறமை பலரிடம் நிலைத்துவிடுகிறது என்பது வியப்பு. ஒருமுறை திறக்கக் கற்ற தசை, கற்றதை மறப்பதில்லை போலும்.

குழந்தைக்குப் பால் கொடுத்தவுடன் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வருவிப்பது உலகின் பல பகுதிகளிலும் உள்ள பழக்கம். இதனால் பயன் என்ன என்பதை 2015-இல் சண்டிகர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 71 தாய்-சேய் இணைகளிடம் ஆராய்ந்து வெளியிட்டனர். தட்டப்பட்ட குழந்தைகள் தட்டப்படாதவற்றைவிடக் குறைவாக அழவில்லை. பாலைக் கக்கியதோ அதிகம். காற்றுக்காகத் திறக்கும் வாயில்வழியே பாலும் வரக்கூடும் என்பதை அறிந்த நமக்கு இது ஆச்சரியமளிக்க வேண்டியதில்லை. எனினும் இதைச் சொல்லி ஒரு பாட்டியைத் தடுத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. தடுக்க வேண்டியதுமில்லை, தோளில் சாய்ந்து கிடப்பது குழந்தைக்கும் சுகம், பாட்டிக்கும் சுகம்.

ஏப்பத்தை வாழ்வின் ஆதாரமாகவே கொண்ட பிராணி மாடு. அதன் முதல் இரைப்பை, கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் புளிக்கவைக்கும் நூறு லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி; மணிக்கு முப்பது நாற்பது லிட்டர் வாயு அதிற் பிறக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை போல ஓசையின்றி அது ஏப்பம் விட்டுக்கொண்டேயிருக்கிறது. இளம் பயறுவகைத் தழையை மழைநாளில் வயிறாரத் தின்றால், வாயு நுரையாகி வாயிலை அடைத்துக்கொள்ள, இடப்பக்க விலா ஊதி, நுரையீரல் நெருக்குண்டு, சில மணி நேரத்தில் மாடு மாண்டுபோவதும் உண்டு. அவசரத்தில் கால்நடை மருத்துவர் இடப்பக்கத்தில் ஊசிக்குழலை இறக்கி வாயுவை வெளிவிடுவார். மனிதனிடம் காணாத விநோதம் ஒன்று மாட்டிடம் உண்டு. நாம் ஏப்பம் விடும்போது மூச்சுக்குழலை மூடிக்கொள்கிறோம். மாடோ திறந்துவைத்து, ஏப்பத்தின் பெரும்பகுதியைத் தன் நுரையீரலுக்குள்ளேயே இழுத்து, பிறகு மூச்சோடு மூச்சாக விடுகிறது. காட்டுவெங்காயம் தின்ற மாட்டின் பாலில் அதன் வாடை வீசுவதற்கு இந்தச் சுற்றுவழியும் ஒரு காரணம்: வாசனை வயிற்றிலிருந்து ஏப்பத்திலும், ஏப்பத்திலிருந்து நுரையீரலிலும், அங்கிருந்து இரத்தத்திலும் மடியிலும் சென்று சேர்ந்துவிடுகிறது. ஆண்டொன்றுக்கு ஒரு பெரிய கறவைமாடு இவ்வாறு வெளிவிடும் மீத்தேன் 70 முதல் 120 கிலோகிராம்; பூமியின் வெப்பம் உயர்வதைப் பற்றிய இன்றைய கவலைகளில் மாட்டின் ஏப்பத்துக்கும் ஓரிடம் கிடைத்திருப்பது இதனாலேயே.

மனிதனிடம் திரும்புவோம். ஆரோக்கியமான ஒருவர் நாள் முழுவதும் விடும் ஏப்பம், அவர் கவனித்தும் கவனியாமலும், முப்பது வரை இருக்கலாம். ஆனால் சிலர் பேச்சுக்கு நடுவே நிமிடத்துக்குப் பத்து இருபது என்று விட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். வாயுக்கோளாறு என்று கூறிப் பெருங்காயம், ஓமத்தண்ணீர், சுக்குக் கஷாயம் என எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் வயிற்றில் அவ்வளவு வாயு எங்கிருந்து வருகிறது? 2004-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவர் பிரெடனூர்டும் உடன் உழைத்தவர்களும், மின்தடையை அளக்கும் வளையங்கள் கோத்த மெல்லிய கம்பி ஒன்றை உணவுக்குழலில் இறக்கி இதனை ஆராய்ந்தனர். காற்று கடக்கும் இடத்தில் மின்தடை உயரும், நீர் கடக்கும் இடத்தில் தாழும். எந்த வளையத்தில் முதலில் மாற்றம் தெரிகிறது என்பதிலிருந்து வந்த திசையும் விளங்கும். சாதாரண ஏப்பத்தில் காற்று கீழிருந்து மேலேறிற்று. இந்நோயாளிகளிடமோ காற்று முதலில் மேலிருந்து கீழிறங்கி, இரைப்பையைத் தொடாமலே, ஒரு வினாடிக்குள் திரும்பி வந்து ஓசையாக வெளிப்பட்டது. உதரவிதானத்தை இறுக்கி, மார்பினுள் அழுத்தத்தைக் குறைத்து, மேல்வாயிலைத் தளர்த்தி, வெளிக்காற்றை உறிஞ்சி, உடனே துப்பிவிடுகிறார்கள். தாம் அவ்வாறு செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உறங்கும்போது இது நிகழ்வதில்லை. மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போதும் குறைந்துவிடுகிறது. வயிற்றுக்கும் இந்த ஏப்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாதலின், வயிற்றுக்குக் கொடுக்கும் மருந்து எதுவும் இதனை நிறுத்தாது. வாயைச் சற்றே திறந்துவைத்து, வயிறு அசைய மெல்ல மூச்சுவிடும் பயிற்சியை மேற்கொண்டால், காற்றை உறிஞ்சும் அந்தச் சூட்சுமம் கலைந்துவிடுகிறது.

நோயாய் அமைந்த இதே சூட்சுமம் வேறு சிலருக்கு வாழ்க்கைத் துணையாய் அமைந்திருக்கிறது. 1873-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வியன்னாவில் தியடோர் பில்ரோத், புற்று கண்ட குரல்வளையை முழுவதும் அகற்றும் சிகிச்சையைச் செய்துகாட்டினார். இன்று புகையாலும் புகையிலையாலும் அந்நிலைக்கு ஆளாவோர் நம் நாட்டிலும் பலர். குரல்வளை போனபின்பு மூச்சு கழுத்தில் இட்ட துளைவழியே செல்கிறது; குரலெழுப்ப நுரையீரலின் காற்று வாய்க்கு வருவதில்லை. அத்தகையோர் வாயிலுள்ள காற்றை நாவால் அழுத்தியோ உறிஞ்சியோ உணவுக்குழலின் மேற்பகுதிக்குள் செலுத்தி, உடனே ஏப்பமாக மேலே திருப்பி, அதிரும் மேல்வாயில் தசையின் ஓசையை நாவாலும் உதட்டாலும் சொற்களாக வடித்துப் பேசுகின்றனர். உணவுக்குழலில் கொள்ளும் காற்று நூறு மில்லிலிட்டருக்கும் குறைவாதலால் ஒரு மூச்சுக்கு நாலைந்து அசைகளே வரும். சுருதி சாதாரண ஆண்குரலில் ஏறக்குறையப் பாதிதான், பெண்களுக்கும் அதே ஆழ்ந்த குரலே வாய்க்கும். 1980-இல் அமெரிக்காவில் சிங்கர், பிளாம் இருவரும், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே ஒருவழிக் கதவுள்ள சிறு குழாயைப் பொருத்தி, நுரையீரலின் காற்றையே மேல்வாயிலுக்குத் திருப்பும் வழியைக் கண்டபின் இவ்வித்தையைக் கற்போர் குறைந்தனர். ஆயினும் கருவி எதுவும் வேண்டாத, செலவற்ற, இரு கைகளும் வேறு வேலைக்கு ஓய்வாயிருக்கும் பேச்சு என்பதால் இன்றும் இதை விரும்பிப் பயில்பவர் உண்டு. இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். ஓயாமல் ஏப்பம் விடும் மேற்கூறிய நோயாளியை மருத்துவர் அனுப்பிவைப்பதும் பெரும்பாலும் அதே பயிற்சியாளரிடம்தான். காலையில் ஒருவருக்கு எதைக் கற்பிக்கிறாரோ, அதையே மாலையில் மற்றொருவரை மறக்கச் செய்வது அவர் தொழில்.